நான்கு மீட்டர் பத்து

பார்ரா டோ இப்பே
29 செப்டம்பர் 2002

அன்புத் தம்பி எவால்டுவுக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். நலம் விசாரிப்பதற்கு முன்னால் அதை எழுதிவிடு என்று உன் அத்தான் அடெலினு பக்கத்தில் நின்றுகொண்டு சொல்கிறார். அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கியது, இப்போது பரவாயில்லை. குரிச்சிபா குளிரில் நீ சளி பிடிக்காமல் இருக்கிறாயா?

போனில் பேசினால் 'சரிக்கா, சரிக்கா' என்று சொல்லியே தப்பித்துவிடுவாய். அதனால்தான் காகிதம்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆறு ஊருக்குள் வந்துவிட்டது. கீழ்த்தெருவில் ஆள் உயரத் தண்ணீர். அன்றைக்கு வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தில் பணியில் இருந்தவள் நான். நீ எங்களுக்கு எழுதிக் கொடுத்த கம்ப்யூட்டர் நிரல்தான் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஆற்றின் மட்டம் நான்கு மீட்டர் பத்து. இரண்டரைக்கும் அதே. மூன்றுக்கும் நான்குக்கும் அதே. ஆறு மீட்டரைத் தொட்டால் சங்கு தானாக ஊதும் என்று நீதானே வைத்துக் கொடுத்தாய்? ஊதவில்லை, ஆகவே தொடவில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அம்மா கொடுத்தனுப்பிய வாழைப்பழக் கேக்கைக்கூடத் தின்றேன். நாலே முக்காலுக்கு ஒருவர் தொப்பலாக நனைந்து ஓடிவந்து கதவை உதைத்தார். அப்போது ஆறு ஏழு மீட்டரைத் தாண்டியிருந்தது.

மணிக்கொரு தரம் பாலத்துக்குப் போய், தூணில் பெயின்ட் அடித்த அளவுகோலைக் கண்ணால் பார்த்துவர வேண்டும் என்பது பழைய விதி. கம்ப்யூட்டர் வந்த பிறகு யாரும் அதை அவ்வளவாகக் கடைப்பிடிப்பதில்லை. நானும் போகவில்லை. மழை கொட்டியது, திரை நான்கு பத்து என்றது, போகவில்லை.

கீழ்த்தெரு ஓத்தாவியுவை உனக்கு ஞாபகம் இருக்கும், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கட்டிலை விட்டு எழ முடியாது. மகள் மார்லி பேக்கரியில் வேலையில் இருந்தாள். சங்கு ஊதியிருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போயிருப்பார்கள், எப்போதும் அப்படித்தான் செய்வது. ஊதவில்லை. திங்கட்கிழமைதான் அவரை வெளியே எடுத்தார்கள்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். அடெலினு, "ஆறு ஏறுறப்போ நம்பர் மட்டும் எப்படி மூணு மணி நேரம் அசையாம நிக்கும், உன் தம்பிய கேளு" என்கிறார். என் தம்பியின் நிரல் பொய் சொல்லாது என்று அவரிடம் சண்டை பிடித்தேன். ஆனாலும் கேட்டுவிடுகிறேன். அப்படி நிற்க முடியுமா, எவால்டு?

பதில் போடு. அம்மாவின் ஆசி உனக்கு.

அக்கா ஜுசாரா


குரிச்சிபா
21 அக்டோபர் 2002

அன்பு அக்காவுக்கு,

அம்மாவுக்கு வணக்கமும் முத்தமும். நான் சுகம். சளி இல்லை. வேலை அதிகமாக இருந்ததால் உடனே எழுத முடியவில்லை, மன்னித்துக்கொள்.

சாவுச் செய்தியைப் படித்து வருந்தினேன். ஓத்தாவியு ஐயாவை நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போகும்போது சில்லறை இல்லாவிட்டாலும் ஏற்றிக்கொள்வார்.

அம்மா உப்பைக் குறைத்தாளா? மாத்திரையைக் காலையில் போடுகிறாளா, இரவிலா? காலையில் போடுவது நல்லது என்று இங்கே ஒரு மருத்துவர் சொன்னார். வீட்டுக் கூரையில் ஓடு எதுவும் நகரவில்லையே? அத்தானுக்கு ஆலையில் வேலை எப்படிப் போகிறது, சாயத்தொட்டிப் பிரிவுக்குள் தண்ணீர் வந்ததா?

நீ கேட்டதற்கு: ஆற்றில் இறக்கியிருக்கும் அளவுக்கருவியில் சேறு அடைத்துக்கொள்வது உண்டு. அடைத்தால் எண் ஒரே இடத்தில் நிற்கும். அந்த வகைக் கருவிகளுக்கு அது சகஜம் என்று படித்திருக்கிறேன். நம் பக்கமும் ஒரு தடவை பார்க்கிறேன்.

நீ மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதே. அவ்வளவு மழையில் யார்தான் பாலத்துக்குப் போவார்கள்?

தம்பி எவால்டு


குரிச்சிபா
23 அக்டோபர் 2002

ரொசாரியோவில் இருக்கும் நண்பர் ஃபாகுந்தோவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாம் நேரில் பார்த்ததில்லை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து இங்கே உருவாக்கிய 'டிக்கோ' என்ற கணினி மொழியை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள். சென்ற ஆண்டு ஏப்ரலில் அதை இயக்கும் இன்டர்பிரெட்டரில் ஒரு பிழை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஒரே நிரலுக்குள் பல வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் தனித்தனி இழைகளாக ஓடும்போது, ஓர் இழை எதிர்பாராத ஒன்றில் இடறினால் சத்தமே இல்லாமல் செத்துவிடுகிறது, மற்ற இழைகளுக்குத் தெரிவதில்லை என்று சொல்லியிருந்தீர்கள்.

'அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது' என்று ஒரே வரியில் பதில் எழுதி அந்தப் புகாரை மூடியவன் நான்தான்.

இப்போது மறுபடி பார்க்கிறேன். நீங்கள் சொன்னது சரி. எண் வர வேண்டிய இடத்தில் குப்பை எழுத்து ஒன்று வந்தால் போதும், இழை போய்விடுகிறது. அதைவிட மோசம், பொதுத் தகவலைத் தொடும்போது போடும் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே போய்விடுகிறது. அந்தப் பூட்டுக்காகக் காத்திருக்கும் அடுத்த இழை காலம் முழுக்கக் காத்திருக்கிறது. நீங்கள் அப்போது எழுதிய சோதனை நிரல் இன்னும் உங்களிடம் இருந்தால் அனுப்ப முடியுமா? என்னிடம் இருந்ததை அழித்துவிட்டேன்.

நன்றியுடன்,
எவால்டு


ரொசாரியோ
25 அக்டோபர் 2002

மதிப்புக்குரிய எவால்டு,

எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உங்கள் மின்னஞ்சல் வந்த அதிர்ச்சி மட்டும்தான். பதினெட்டு மாதம் கழித்து ஒரு புகாரைத் தூசி தட்டி எடுத்த ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

சோதனை நிரலை இணைத்திருக்கிறேன். நானும் என் அறைத்தோழனும் உங்கள் மொழியைப் பற்றி அப்போதே பேசிச் சிரித்திருக்கிறோம். "இவன் விருந்துக்கு வந்தா, மத்தவங்க சாப்பாடு கெட்டுடக் கூடாதுன்னு சத்தம் போடாம மேசையிலயே செத்துப்போவான்" என்பான் அவன். அவ்வளவு மரியாதை.

பழுது பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இழை இடறிய பிறகு, கதவை மூடிவிட்டுப் போகிற கடைசி வரிகள் ஓடும். அந்த வரிகளிலேயே இன்னொரு இடறல் வந்தால் முதல் பிழை காணாமல் போய்விடும். இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டு, முதலாவதைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஒன்று கேட்கலாமா? பதினெட்டு மாதம் தூங்கியதை யாரும் சும்மா எழுப்புவதில்லை. எங்கே, யாரைக் கடித்தது?

உங்கள்,
ஃபாகுந்தோ


பார்ரா டோ இப்பே
10 நவம்பர் 2002

அன்புத் தம்பிக்கு,

அம்மா நலம். மாத்திரையைக் காலையில்தான் போடுகிறாள், கூரை ஓடுகளும் நலம், சாயத்தொட்டியும் நலம். நீ கேட்ட கேள்வி எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். இனி நான் கேட்டதற்கு வருகிறேன்.

சேறு என்று எழுதியிருந்தாய். எங்கள் அலுவலகத் தலைவர் லூசிதியு உன் கடிதத்தை நம்பி, கருவியை ஆற்றிலிருந்து எடுத்து விசாரணைக் குழுவின் முன்னால் பிரிக்கச் சொன்னார். உள்ளே துடைத்து வைத்த கண்ணாடிபோல இருந்தது. ஒரு வாளித் தண்ணீரில் இறக்கிப் பார்த்தார்கள். எண் ஒழுங்காக ஏறியது, இறங்கியது. குழுவில் இருந்த வக்கீல் என்னைப் பார்த்து, "கருவி முழிச்சிட்டுதான் இருந்திருக்கு. நீங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் தூங்கவில்லை என்றேன். தூங்காதவர் எண் மூன்று மணி நேரம் அசையாததை ஏன் கவனிக்கவில்லை என்றார். கவனித்தேன். ஆறு சமர்த்தாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இதை எப்படிச் சொல்வது?

லூசிதியு நல்ல மனிதர். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு மாட்டே டீ கொடுத்துச் சொன்னார்: "ஜுசாரா, கவனக்குறைவா இருந்துட்டேன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுடு. பள்ளிக்கூட சமையலறைக்கு மாத்திடுவாங்க, அவ்வளவுதான். இழுத்துட்டே போனா வேலையே போயிடும். வழக்கு அது இதுன்னு வந்தாலும் வரும்."

வேலையை நினைத்துக்கூட நான் இவ்வளவு கலங்கவில்லை, எவால்டு. தினமும் காலையில் ரொட்டி வாங்க மார்லி நிற்கிற கவுண்டருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இந்த ஊரில் வேறு பேக்கரி இல்லை. முன்பெல்லாம், "அக்கா, இன்னிக்குக் கருகலா, வெள்ளையா?" என்று கேட்பாள். இப்போது ஆறு ரொட்டியை எண்ணிப் பையில் போட்டு என் பக்கம் தள்ளுகிறாள். திட்டினால்கூடத் தேவலாம். அடெலினுவை அனுப்பலாம்தான். ஆனால் நானே போகிறேன். போகாமல் இருந்தால் அது இன்னும் கேவலம்.

நீ 'நம் பக்கமும் பார்க்கிறேன்' என்று எழுதினாய். பார்த்தாயா? நீ பார்த்துவிட்டு, 'அக்கா, நிரலில் ஒன்றும் இல்லை' என்று சொல்லிவிட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்குத்தான் காத்திருக்கிறேன். டிசம்பர் இருபது வரை நேரம் கொடுத்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா ஜுசாரா


குரிச்சிபா
8 டிசம்பர் 2002

அன்பு அக்காவுக்கு,

நீ, அம்மா, அத்தான் மூவரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கம் சரியில்லை, மற்றபடி சுகம்.

இத்துடன் ஒரு குறுந்தகடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் நிரலை இயக்கும் டிக்கோவின் புதிய பதிப்பு இதில் இருக்கிறது. லூசிதியு ஐயாவிடம் சொல்லி உடனே கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல். நாள் கடத்த வேண்டாம். பழையதை அழித்துவிடச் சொல். இல்லை, அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

இதில் சில முன்னேற்றங்கள் செய்திருக்கிறோம். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். உங்கள் நிரலில் மூன்று இழைகள் ஓடுகின்றன. ஒன்று கருவியிடமிருந்து எண்ணை வாங்கிவரும். இரண்டாவது அதைத் திரையில் காட்டும். மூன்றாவது எண் ஆறைத் தாண்டுகிறதா என்று பார்த்துச் சங்கை ஊதும். மூன்றும் ஒரே எண்ணைத் தொடுவதால் ஒருவர் தொடும்போது மற்றவர் குறுக்கே வராமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. இனிமேல் எந்த இழையாவது இடறினால் எங்கே, ஏன் என்று திரையில் சிவப்பில் எழுதும். விழும்போது பூட்டை விட்டுவிட்டு விழும். விழுந்த செய்தி தாய் நிரலுக்குப் போகும், அது சங்கை ஊதிவிடும். இதைச் சரிசெய்ய ஐந்து வாரம் ஆனது. ஓர் இடத்தில் திருத்தினால் இன்னோர் இடத்தில் முதல் பிழை மறைந்து இரண்டாவது பிழை மட்டும் தெரிந்தது. அதையும் பிடித்தோம். முந்நூறு சோதனைகள் போட்டுப் பார்த்தாயிற்று.

கையெழுத்து விஷயத்தில் அவசரப்படாதே. யோசித்துச் செய்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வர முடியாதுபோல் இருக்கிறது. வேலை முடியவில்லை. அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

தம்பி எவால்டு


பார்ரா டோ இப்பே
5 ஜனவரி 2003

எவால்டு,

புத்தாண்டு வாழ்த்து. அம்மா உனக்காக எடுத்து வைத்த கோழி வறுவலை ஆறாம் நாள் அடெலினு சாப்பிட்டார்.

இருபதாம் தேதி கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். 'ஒன்றும் இல்லை' என்றும் அதில் இல்லை, 'இருக்கிறது' என்றும் இல்லை. யோசித்துச் செய் என்றால் எதை வைத்து யோசிப்பது? இப்போது பள்ளிக்கூட சமையலறையில் நூற்றெண்பது பிள்ளைகளுக்கு அவரைப் பருப்பு வேகவைக்க வேண்டிய வேலை. விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும்.

உன் தகட்டை ஏற்றினார்கள். ஏற்றிய மூன்றாம் நாள் ஒரு மின்னல் வெட்டியது. சங்கு ஊதியது. ஊரே அலறி அடித்துக்கொண்டு மேட்டுக்கு ஓடியது. ஆறோ மூன்று மீட்டரில் சும்மா கிடந்தது. திரையில் சிவப்பாக ஏதோ எழுதியிருக்கிறது என்று லூசிதியு என்னையே கூப்பிட்டுக் காட்டினார். கருவியிலிருந்து எண்ணுக்குப் பதிலாக ஏதோ கிறுக்கல் வந்தது, வாசிக்கிற இழை நின்றுவிட்டது என்று இருந்தது. லூசிதியு தலையைச் சொறிந்துகொண்டு, "மின்னல் அடிச்சா முன்னாடியும் இப்படித்தான் கிறுக்கல் வந்திருக்கும். பழையது வாயே தெறக்கலையே" என்றார்.

செப்டம்பர் இருபத்திரண்டு, மதியம் இரண்டு மணிக்கு எங்கள் அலுவலகத்துக்கு மேலேயே இடி விழுந்தது. ஜன்னல் அதிர்ந்தது. என் முதல் கடிதத்தில் எழுத விட்டுப்போயிற்று. யாரும் கேட்கவும் இல்லை.

வேறு விசேஷம் இல்லை.

ஜுசாரா


ரொசாரியோ
19 பிப்ரவரி 2003

மதிப்புக்குரிய எவால்டு,

சுகமா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது.

உங்கள் புதிய பதிப்பை இறக்கிப் பார்த்தேன். பழுது பார்த்த விதம் அருமை, மனசாரச் சொல்கிறேன். பூட்டை விடுவிக்கிற பகுதியை என் நண்பர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஆனால் மாற்றக் குறிப்பைப் பார்த்தேன். ஒவ்வொரு பிழைக்கும் எதிரே அதை யார், எந்த நாளில் முதலில் சொன்னார்கள் என்று எழுதுவது உங்கள் வழக்கம். பத்து வருடமாக ஒன்றுகூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். ஒரு சாய்வுக்கோடு கூடுதலாக இருந்ததைச் சொன்ன பையனின் பெயர்கூட இருக்கிறது. இதற்கு மட்டும் 'இழைகளில் சிறு திருத்தங்கள்' என்று ஒரே வரி. பெயர் இல்லை, நாள் இல்லை.

என் பெயர் எனக்கு வேண்டாம், கழுதை போகட்டும். தேதியை ஏன் எடுத்தீர்கள்?

நான் முன்பு கேட்ட கேள்விக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே கொஞ்சம் புரிகிறது. அதனால் இனி கேட்க மாட்டேன்.

ஃபாகுந்தோ


குரிச்சிபா
17 மார்ச் 2003

அக்கா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நிற்க முடியும். நின்றது. நிரலில் இருக்கிறது. நான் செய்தது.

உன் முதல் கடிதம் வந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. சோதித்துப் பார்க்கக்கூட வேண்டியிருக்கவில்லை. நான்கு பத்து, நான்கு பத்து என்று நீ எழுதியிருந்ததே போதுமாக இருந்தது. வாசிக்கிற இழை இரண்டு மணிக்கே செத்திருக்கிறது. பூட்டு அதன் கையில் இருந்ததால் சங்கு ஊத வேண்டிய இழை அதற்காகக் காத்துக்கொண்டே நின்றிருக்கிறது. திரைக்கு மட்டும் பூட்டு தேவைப்படாதபடி வைத்திருந்தேன், வேகமாக இருக்கட்டும் என்று. அது கடைசியாகத் தெரிந்த எண்ணைத் திருப்பித் திருப்பி உனக்குக் காட்டியிருக்கிறது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் சேறு என்று எழுதினேன். மூன்று வாரம் எடுத்தது வேலையால் இல்லை. ஒரு நல்ல பொய் கிடைக்க அவ்வளவு நாள் ஆனது.

இன்னும் இருக்கிறது. இரண்டாயிரத்தில் ரெசிஃபேயில் ஒரு கூட்டத்தில் டிக்கோவை இருநூறு பேர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். ஓர் இழை இடறி முழு நிரலும் சரிந்தது. சபையே சிரித்தது. முன்வரிசையில் இருந்த ஒருவர், "தம்பி, உங்க மொழிக்குத் தும்மல் வந்தா சாவே வந்துடும் போல" என்றார். திரும்பி வருகிற பேருந்திலேயே பதினோரு வரி எழுதினேன். இழைக்குள் எந்தப் பிழை வந்தாலும் பிடித்து, யாருக்கும் சொல்லாமல் தூக்கி எறிகிற பதினோரு வரி. அதற்குப் பிறகு எந்த மேடையிலும் டிக்கோ சரியவில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். அதே டிக்கோவில்தான் அடுத்த கோடை விடுமுறையில் வந்து உங்களுக்கு எழுதிக் கொடுத்தேன். மேயர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டாரே, அந்தப் படம் என் மேசையில்தான் இருந்தது. இப்போது இல்லை.

இரண்டாயிரத்து ஒன்று, ஏப்ரலில் ரொசாரியோவிலிருந்து ஒரு மாணவன் இது ஆபத்து என்று எழுதினான். படித்தேன், புரிந்தது. அவன் சொல்வதை ஒப்புக்கொண்டால் அந்தப் பதினோரு வரியை எடுக்க வேண்டும், மறுபடி ஏதாவது மேடையில் சரிய வேண்டும். மூடிவிட்டேன். வெள்ளத்துக்குப் பதினேழு மாதம் முன்னால் எனக்குத் தெரியும், அக்கா. அன்றைக்கே ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கும்.

டிசம்பரில் பழுது பார்த்துவிட்டேன், இனி யாருக்கும் ஆபத்து இல்லை, அதற்குமேல் எழுதுவதால் யாருக்கு லாபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நீ கையெழுத்துப் போடப் போகிற தேதி எனக்குத் தெரியும். இருபதாம் தேதி காலை போனைக் கையில் எடுத்தேன். உன் நம்பரை ஆறு இலக்கம் வரை அழுத்தினேன். வைத்துவிட்டேன். சாயங்காலம் ஆகிவிட்டால் பிரச்சினை முடிந்துவிடும் என்று காத்திருந்தேன். ஆயிற்று. முடியவில்லை.

இதையெல்லாம் நாளோடும் பெயரோடும் விசாரணைக் குழுவுக்கு எழுதி இன்றே பதிவுத்தபாலில் அனுப்பிவிட்டேன். டிக்கோவின் மாற்றக் குறிப்பிலும் ஃபாகுந்தோவின் பெயரையும் அந்த ஏப்ரல் தேதியையும் சேர்த்துவிட்டேன். அன்றைக்கு மூடியது யார் என்றும் எழுதியிருக்கிறேன். குற்றம் முழுக்க என்னுடையது. உன்னுடையது துளியும் இல்லை.

அம்மாவிடம் நீ சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன்.

எவால்டு


பார்ரா டோ இப்பே
6 ஏப்ரல் 2003

தம்பி எவால்டுவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம். நீ போன் செய்த அன்று பூராவும் சாப்பிடவில்லை, மறுநாள் சாப்பிட்டாள்.

குழு என்னை மறுபடி கூப்பிட்டது. என் கையெழுத்தை ரத்து செய்திருக்கிறார்கள். அந்த வக்கீல் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இது உங்களுக்கு எப்ப தெரியும்?" என்று கேட்டார். ஜனவரியில் சங்கு ஊதிய அன்று என்றேன். அப்போதே ஏன் வந்து சொல்லவில்லை என்றார். அவன் சொல்லட்டும் என்று இருந்தேன் என்றேன். அதைக் குறித்துக்கொண்டார். இரண்டரை மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எவால்டு. உன்மேல் எனக்கு இருந்த கோபத்துக்கு அந்தச் சமையலறையில் எத்தனை பாத்திரம் நசுங்கியது என்று அங்கே யாரை வேண்டுமானாலும் கேள். கோபம் இன்னும் போகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

பழைய நாற்காலியைத் திருப்பித் தருகிறேன் என்றார் லூசிதியு. வாங்கிக்கொண்டேன். மணிக்கொரு தரம் பாலத்துக்குப் போய்வருகிறேன். வெயிலாக இருந்தாலும்.

உன் கடிதத்தில் ஒரு வரி எனக்குப் பிடிக்கவில்லை. என் குற்றம் துளியும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அதை நீ எடுத்துக்கொள்ளாதே. திரை பொய் சொன்னது உன்னால். பாலம் முந்நூறு அடி தூரம். நான் எழுந்து போகாதது என்னால். குடை கதவருகே மாட்டியிருந்தது. இதில் உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு. உன்னோடு சேர்த்து என்னையும் மன்னித்துக்கொள்ள நீ யார்?

போன செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை பேக்கரிக்கு எடுத்துப்போனேன். கூட்டம் போகும்வரை நின்றேன். மார்லியிடம் கொடுத்தேன். மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு கவுண்டரிலேயே நின்று முழுக்கப் படித்தாள். நடுவில் யாரோ ரொட்டி கேட்டார்கள், அவள் காதில் விழவில்லை. படித்து முடித்து, "பாலத்துக்கு நீங்க போகல" என்றாள். போகவில்லை என்றேன். தலையாட்டினாள். அதற்கப்புறம்,

"உங்க தம்பிக்கு ஏப்ரல்லயே தெரியுமா?" என்றாள்.

"தெரியும்."

"போன ஏப்ரலா?"

"இல்ல. அதுக்கும் முந்தின வருஷம்."

கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. அந்த ஏப்ரலில் அவள் அப்பா வேலையில் இருந்தார், பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "இது உங்களுக்கு எழுதினது. எனக்கு ஒண்ணும் எழுதலையே" என்றாள்.

அவளுக்கும் எழுதச் சொல்கிறேன் என்றேன். வேண்டாமாம். காகிதத்தில் எது வேண்டுமானாலும் எழுதலாம், ஆள் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும் என்கிறாள். முதலாளியிடம் ஒரு நாள் லீவு கேட்டு வாங்கியிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை காலைப் பேருந்தில் குரிச்சிபாவுக்குக் கிளம்புகிறாள். பதினொன்றரைக்கு வந்து சேரும். நான் கூட வரட்டுமா என்றேன், வேண்டாம் என்றுவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்குப் போய் நில். சீக்கிரமே போ. பச்சைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. அவளுக்கு உன்னை அடையாளம் தெரியாது. நீதான் கிட்டே போய், உன் பெயரைச் சொல்ல வேண்டும்.

அக்கா ஜுசாரா